கூரையும் அதைத் தாங்கும் கையும்

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பால் போகும் வழி தெரியும். மங்கில் சொட்டியது வாளிக்கு வரும், வாளியிலிருந்து ஸ்டோருக்குப் போகும். அங்கே உறைந்து, தகடாகி, புகைக்கூடத்தில் தொங்கிக் காய்ந்து, கட்டுக்கட்டாக லாரி ஏறும். அதற்கப்பால் கப்பல், லண்டன், கார்ச் சக்கரம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். மலாயா ரப்பரில் விளைந்த காசின் ஒரு பங்கு தென்சீனக் கடலோரத்தில் கூரையாகி நிற்கிறது என்பதை மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தக் கூரையை எழுப்பியவர் தான் கா கீ. 1874இல் ஃபூஜியன் மாநிலத்தின் ஜிமெய் என்னும் கடலோர ஊரில் பிறந்து, 1890இல் சிங்கப்பூருக்குக் கப்பலேறியவர். அரிசி வியாபாரத்தில் தொடங்கி அன்னாசி டின் தொழிலுக்கு வந்தார். 1906இல், மலாக்காவில் வணிக அளவில் ரப்பர் பயிரிட்ட முன்னோடியான தான் சே யானிடம் விதை வாங்கித் தம் அன்னாசிக் காட்டுக்குள் ஊன்றினார். இருபது ஆண்டுகளுக்குள் தோட்டம், ஆலை, ரப்பர்ச் செருப்பு, டயர் என்று தொழில் பரந்தது. அந்த வருமானத்தை ஊருக்கு அனுப்பி ஜிமெய்யில் பள்ளிகளைக் கட்டினார். 1921இல் ஷியாமென் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். உலக மந்தத்தில் 1934இல் அவர் கம்பெனி மூடப்பட்டது. 1937இல் பல்கலைக்கழகத்தை அரசிடம் ஒப்படைத்தார். ஆனாலும் கட்டுவதை விடவில்லை. 1950களில், தாமும் ரப்பர் முதலாளியான அவர் மருமகன் லீ கொங் சியான் பணம் அனுப்ப, கடலைப் பார்த்த சரிவில் ஜியென்னான் மண்டபமும் அதன் துணைக் கட்டடங்களும் எழுந்தன.

இந்தக் கட்டடங்களின் பாணிக்கு அவர் பெயரையே வைத்து 'ஜியாகெங் பாணி' என்கிறார்கள். கா கீ என்பதன் வடசீன உச்சரிப்பு ஜியாகெங். உடம்பு மேல்நாட்டுக் கட்டடத்தின் உடம்பு: வரிசைச் சன்னல்கள், நீள வராந்தா, கருங்கல்லும் செங்கல்லும் கலந்த சுவர். தலையில் மட்டும் தென்ஃபூஜியன் கூரை, இரு முனையிலும் தகைவிலான் குருவியின் வால்போலப் பிளந்து மேலேறும் முகடு. சீமைக் கோட்டும் மூங்கில் தொப்பியும் போட்ட ஆள் என்று உள்ளூர்க்காரர்கள் அதைச் சொல்வார்கள். கிண்டல்தான், ஆனால் பாசத்தோடு சொல்லும் கிண்டல்.

எனக்கு முக்கியமாகப் படுவது அது கட்டப்பட்ட விதம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஹென்றி மர்ஃபி வரைந்து கொடுத்த அமைப்பை, விளையாட்டுத் திடலுக்கு இடம் போதாது என்று தான் கா கீ மாற்றினார். கல் உள்ளூர்க் கல், செங்கல் உள்ளூர்ச் செங்கல். செம்மஞ்சள் நிற ஓடு ஒன்றை மலிவாகச் செய்வித்தார். அதற்கும் அவர் பெயரே ஆயிற்று. வேலை செய்தவர்கள் அந்த வட்டாரத்துக் கொத்தர்களும் தச்சர்களும். முகட்டை எங்கே வளைக்க வேண்டும், எவ்வளவு வளைக்க வேண்டும் என்பது தாத்தா காலம் தொட்டு அவர்கள் கையில் இருந்தது. அதனால்தான் அந்தக் கூரை இரவல் வாங்கியதுபோல் தெரிவதில்லை.

அந்தக் கொத்தர் மரபுக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஷியாமெனுக்கு வடக்கே இருக்கும் சுவான்ஜோ துறைமுகத்தில், 13ஆம் நூற்றாண்டில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்தது. அந்நகரின் கையுவான் பௌத்தக் கோயிலில் பின்பக்கத் தூண்களில் இன்றும் கண்ணனும் நரசிம்மரும் இருக்கிறார்கள். உருவங்களின் முகத்திலும் துணிமடிப்பிலும் சீன உளியின் பழக்கம் தெரிகிறது. தமிழர் சொன்ன அமைப்பைச் சீனக் கல்தச்சர் தம் கைப்பழக்கத்தில் செய்து கொடுத்திருக்கிறார்கள். பிழைபட்ட தமிழ்ச் சிற்பம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. செய்தவர் கை உயிரோடு தெரிகிற சிற்பம் அது.

சீனக் கட்டடக் கலை என்றதும் கண்ணுக்கு வருவது கூரை. ஆனால் அந்த மரபு தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த நூல் கூரையிலிருந்து தொடங்கவில்லை. சோங் அரசின் கட்டடப் பணித்துறையில் இருந்த லீ ஜியே தொகுத்து 1103இல் அச்சான 'யிங்ஸாவ் ஃபாஷி' என்னும் நூலுக்கு அடிப்படை ஒரு மரத்துண்டு. அதன் குறுக்குவெட்டு 15 பங்கு உயரம், 10 பங்கு அகலம். இந்தத் துண்டுக்கு எட்டுத் தரம் உண்டு. பெரிய அரண்மனைக்கு முதல் தரம், சிறு மண்டபத்துக்குக் கடைசித் தரம். தரத்தை முடிவுசெய்துவிட்டால் தூண், உத்திரம், தாழ்வாரத்தின் நீட்டம், கூரையின் வளைவு எல்லாம் அந்தப் பங்குக் கணக்கிலேயே வந்துவிடும். தூணின் தலையில் கட்டையும் கையுமாக அடுக்கடுக்காகக் கோத்த தாங்கிகளுக்கு 'டௌகொங்' என்று பெயர். கூரையின் கனத்தை வாங்கித் தூணுக்கு இறக்குவதும், தாழ்வாரத்தை வெளியே நீட்டி மரத்தூணையும் மண்சுவரையும் மழையிலிருந்து காப்பதும் அதன் வேலை. அழகு அந்த வேலையோடு கூட வந்தது.

தமிழ்ச் சிற்பிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நம் கோயில் தூணின் தலையில் இருக்கும் போதிகை செய்வதும் இதே வேலைதான். கல் உத்திரம் நீளமானால் நடுவில் முறியும். போதிகை இருபுறமும் கை நீட்டி இடைவெளியைக் குறைக்கிறது. பல்லவர் காலத்தில் அலையலையாக இருந்தது, சோழர் காலத்தில் சாய்வாக வெட்டப்பட்டது, விஜயநகர காலத்தில் பூமுனையாகத் தொங்கியது. உருவம் மாறிக்கொண்டே வந்தும் சுமப்பதை அது நிறுத்தவில்லை. அளவும் அப்படித்தான். ஒரு தள விமானத்தின் உயரத்தை எட்டுப் பங்காக்கினால் அதிட்டானத்துக்கு 1, காலுக்கு 2, பிரஸ்தரத்துக்கு 1, கழுத்துக்கு 1, சிகரத்துக்கு 2, தூபிக்கு 1 என்று சிற்பநூல் பிரித்துக் கொடுக்கிறது. கட்டடம் குட்டையானாலும் நெட்டையானாலும் விகிதம் கைவிடாது.

சிக்கல் சிமெண்டோடு வந்தது. சீனாவில் முதல் பெருமுயற்சி நான்ஜிங்கில் சுன் யாட் சென் நினைவிடம். 1925இல் நடந்த போட்டியில் வென்ற லூ யான்ஜி, மலைச்சரிவில் நெடிய படிவரிசையும் உச்சியில் நீலப் பளபளப்பு ஓடு வேய்ந்த மண்டபமுமாக அதை அமைத்தார். 1929இல் வேலை முடிந்தது. அதே ஆண்டு அவரும் இறந்துபோனார். இங்கே தாங்குவது கான்கிரீட். ஆனாலும் படியேறும்போது உடம்பு உணரும் அச்சு, தொலைவு, ஏற்றம் ஆகியவை பழைய அரசக் கல்லறைகளிலிருந்து வந்தவை. மரபின் நடையை எடுத்துக்கொண்டதால் கான்கிரீட் அங்கே உறுத்துவதில்லை.

1949க்குப் பிறகு பெய்ஜிங்கில் நடந்தது வேறு. தேசிய வடிவம் வேண்டும் என்ற கட்டளைக்காக அலுவலகம், விடுதி என்று எல்லாவற்றின் தலையிலும் பெரிய வளைகூரைகள் ஏறின. சிமெண்டில் வார்த்த டௌகொங் எதையும் தாங்கவில்லை. அதைத் தாங்கத்தான் கீழே தனி உத்திரம் தேவைப்பட்டது. 1955இல் 'பெருங்கூரை' என்றே பெயரிட்டு, வீண்செலவு என்று ஓர் இயக்கம் நடந்தது. அதில் அடி வாங்கியவர் லியாங் சூச்செங். சோங் காலத்து நூலையும், சிங் காலத்தில் 1734இல் வந்த கட்டடவிதி நூலையும் சீனக் கட்டடக் கலையின் இரு இலக்கணப் புத்தகங்கள் என்று கருதி, வாழ்நாளெல்லாம் அவற்றுக்கு உரை தேடியவர் அவர். இலக்கணம் கற்பிக்க வந்தவரிடம் அலங்காரச் சொற்களின் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு, பிறகு பட்டியல் நீளமாகிவிட்டது என்று அவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். அந்த வரலாற்றை எப்போது படித்தாலும் எனக்கு மனம் வலிக்கிறது.

மலாயாவின் சீனருக்கோ கூரை என்பது வேறொரு பொருளில் வந்தது. 1953இல் ரப்பர் வணிகர் தான் லார்க் சை சீனமொழிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று குரல் கொடுத்து, 50 லட்சம் வெள்ளி தருவதாகச் சொன்னார். ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 523 ஏக்கர் நிலம் கொடுத்தது. திரிஷா மிதிக்கிறவர்கள்கூட ஒரு நாள் வருமானத்தை நன்கொடையாக்கினார்கள். நன்யாங் பல்கலைக்கழகத்தின் நூலக நிர்வாகக் கட்டடத்தை இங் கெங் சியாங் வடிவமைத்தார். உள்ளே நவீனக் கட்டுமானம், மேலே வளைகூரை, முன்னே படிவரிசை. மொழிக்கு இடமில்லை என்று அஞ்சிய ஒரு சமூகம் தன் இருப்பைத் தலைக்குமேல் எழுதி வைத்ததாகவே அதைப் பார்க்கிறேன். 1998இல் அது சிங்கப்பூரின் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் 1980இலேயே வேறொன்றோடு இணைக்கப்பட்டுப் பெயரிழந்துவிட்டது. கூரை நிற்கிறது, அது காத்த மொழிக்கூடம் இல்லை.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இதற்கெல்லாம் முந்திய சீனக் கூரைகள் இருக்கின்றன. சுங்கை ஊஜோங் என்று அழைக்கப்பட்ட சிரம்பான் வட்டாரத்தில் ஈயம் தோண்ட வந்த ஹக்காச் சீனர்களின் தலைவர் கப்பித்தான் ஷின் 1860 கலவரத்தில் கொல்லப்பட்டார். வெட்டுப்பட்ட உடம்பிலிருந்து வெள்ளை இரத்தம் வழிந்தது என்பது கதை. ராசாவில் அவருக்குக் கோயில் எழுந்தது. சுங்கை ஊஜோங்கிலிருந்து கோலாலம்பூர் போன யாப் ஆ லோய் 1864இல் அங்கும் அவருக்குக் கோயில் எடுத்தார். கொல்லப்பட்ட வீரன் காவல் தெய்வமாவதை மதுரை வீரனைக் கும்பிடும் தோட்டத்து ஆளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கோலா பிலாவில் இன்னொன்று உண்டு. 1897இல் இறந்த மார்ட்டின் லிஸ்டர் என்னும் வெள்ளைக்கார ரெசிடெண்டின் நினைவாகச் சீனர்கள் எழுப்பிய நினைவு வளைவு. மலாய் ஊரில், ஆங்கிலேயருக்காக, சீனப் பாணியில் ஒரு வாயில். தமக்குத் தெரிந்த மரியாதையைத் தமக்குத் தெரிந்த வடிவில் செலுத்தியிருக்கிறார்கள். இங்கே பாணி என்பது அடையாளச் சண்டைக்கான கொடியாக இன்னும் ஆகவில்லை.

கொடியானது பின்னால்தான். 1971இல் மலேசியாவில் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாட்டில், நாட்டின் பண்பாடு எதன்மேல் அமைய வேண்டும் என்று வரையறை எழுதப்பட்டது. 1983இல் சீன அமைப்புகள் ஒன்றுகூடித் தம் மறுப்பை மனுவாக அளித்தன. ஹைனான் சங்கத்தின் தியான் ஹோ கோயில் கோலாலம்பூரின் ராப்சன் குன்றில் எழுந்தது இந்த ஆண்டுகளில்தான். 1981இல் தொடங்கி 1987இல் முடிந்தது. அடுக்கடுக்கான கூரைகள், முகட்டில் டிராகன்கள். கீழ்த்தளங்களில் கடை, விருந்து மண்டபம், திருமணப் பதிவு, மேல்தளத்தில் சன்னதி. கூரையைப் பார்த்துப் பழையது என்று சொல்கிறோம், உண்மையில் புதுமை கீழே இருக்கிறது. கோயில், கல்யாணம், சாப்பாடு மூன்றையும் மாடிமாடியாக அடுக்கியது நகரத்துச் சங்க வாழ்க்கையின் அமைப்பு. அதற்கேற்ற புது உருவம் மட்டும் மேலே ஏறவில்லை.

நெகிரி செம்பிலானில் கூரை அரசியலுக்கு நல்ல பாடம் மினாங்கபாவ் மக்களின் கூரை. ஸ்ரீ மெனாந்தியின் பழைய அரண்மனை, சுங்கை ஊஜோங் போரில் ஆங்கிலேயப் படை எரித்த அரண்மனைக்குப் பதிலாக 1902இல் தொடங்கி 1908இல் முடிந்தது. வரைந்து கட்டியவர்கள் கஹார், தாயிப் என்ற இரு தச்சர்கள். நான்கு தளம், செங்கால் மரத்தில் 99 தூண்கள், இரும்பு ஆணி இல்லாமல் மரமுளையால் பிணைத்த கட்டு. இதன் முகடு மெல்லத்தான் வளைகிறது. நெகிரி செம்பிலானின் பழைய வீடுகளும் அப்படித்தான். நீண்ட கூரை, இரு முனையிலும் லேசான ஏற்றம். சுமத்ராவில் காண்கிற, எருமைக் கொம்புபோல் கூர்ந்து வானத்தைக் குத்தும் 'கொஞ்ஜோங்' முனை இங்கே வழக்கத்தில் இருந்ததில்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசுக் கட்டடங்களுக்கு அடையாளம் தேடியபோதுதான் அந்தக் கொம்பு கடல் தாண்டி வந்தது. சிரம்பான் அருங்காட்சியக வளாகத்தின் முதன்மைக் கட்டடத்தில், அலுவலகங்களில், பேருந்து நிறுத்தங்களில்கூட இன்று அதைப் பார்க்கலாம். அதே அருங்காட்சியக வளாகத்தில் அம்பாங் திங்கி அரண்மனை நிற்கிறது. 1860களில் கோலா பிலா பக்கம் கட்டப்பட்டு, 1953இல் பிரித்து சிரம்பானுக்குக் கொண்டுவரப்பட்ட மரவீடு. ஒரே புல்வெளியில் இரண்டையும் நின்று பார்த்தால் போதும். சிறிய வீட்டின் கூரை குனிந்து நிழல் தருகிறது. பெரிய கட்டடத்தின் கூரை நிமிர்ந்து பெயர் சொல்கிறது.

இவ்வளவையும் சொல்வது நம் கோயில்களுக்கு வருவதற்காகத்தான்.

சிலியாவ், ரந்தாவ், லாபு, பாஹாவ் பக்கத்துத் தோட்டங்களில் கோயில் எப்படித் தொடங்கியது என்பதற்கு எழுத்து ஆவணம் குறைவு, நினைவு அதிகம். காடு வெட்டியபோது விட்டுவைத்த மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம். அதன்மேல் நாலு கால் நட்டு அத்தாப்புக் கொட்டகை. பிறகு ஸ்டோரிலிருந்து தகரம் கிடைத்தது. கொட்டகை தகரக் கூரையானது. லயத்து வரிசைக்கும் கித்தாக்காட்டுக்கும் நடுவில், ஊர் முடிந்து காடு தொடங்கும் எல்லையில் அது நின்றது. நான் வளர்ந்த தோட்டத்தில் கோயிலின் முக்கிய பகுதி கூரைக்குக் கீழ் இருக்கவில்லை. முன்னால் இருந்த மண்தரைதான் கோயில். தீமிதிக் குழி அங்கே, பொங்கல் அடுப்பு அங்கே, கூத்து அங்கே. செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் மாதாமாதம் கோயிலுக்கென்று பிடித்த காசில் அந்தத் தரையைச் சமன் செய்தார்கள், பந்தக்கால் நட்டார்கள். சாமிக்கு ஒதுங்கத்தான் கூரை. சனம் வெட்டவெளியில் நின்றது.

நிலம் மட்டும் நம்முடையதாக இருக்கவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. நீலாய், செண்டாயான், சிரம்பான் 2 என்று இன்று பட்டணமாக இருக்கும் இடங்கள் ஒரு தலைமுறைக்கு முன் காடாகவும் தோட்டமாகவும் இருந்தவை. தோட்டம் கைமாறும்போது கோயிலுக்கு வேறொரு மூலையில் மாற்றுமனை தருவது வழக்கம். அது கிடைக்கவே பல இடங்களில் போராட வேண்டியிருந்தது. கிடைத்த மனையில் என்ன கட்டுவது என்ற கேள்வி வந்ததும் கமிட்டி யோசிப்பதில்லை. ராஜகோபுரம்தான். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலுக்கு 1968இல் ஐந்து நிலைக் கோபுரம் எழுந்ததிலிருந்து மலேசியத் தமிழரின் மனத்தில் கோயில் என்றால் அந்த முகப்பு. தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் வருகிறார்கள். கான்கிரீட் சட்டகம், செங்கல், அதன்மேல் சிமெண்டுச் சுதை, வண்ணம். தூண் கான்கிரீட், அதன் தலையில் பூமுனைப் போதிகை, பூச்சில் செய்தது. அது எதையும் தாங்கவில்லை.

இதை ஏளனமாகச் சொல்லவில்லை. இடம்பெயர்க்கப்பட்டவன் உயரமாகக் கட்டுவான். நன்யாங்கின் கூரைக்கு இருந்த நியாயம் நீலாயின் கோபுரத்துக்கும் உண்டு. இனி எங்களை நகர்த்த முடியாது என்று ஐந்து நிலையில் எழுதுகிறார்கள். நான் வருந்துவது அதற்காக இழந்ததை நினைத்துத்தான். மாற்றுமனை சிறியது. கோபுரத்துக்கும் மகாமண்டபத்துக்கும் இடம் விட்டால் முன்தரை போய்விடுகிறது, மிஞ்சியது கார் நிறுத்தமாகிவிடுகிறது. மரம் வருவதே இல்லை. மண்டபத்துக்குள் விசிறி சுழல்கிறது, பளிங்குத் தரை வழுக்குகிறது, தீமிதிக்குப் பக்கத்துத் திடலை நகராட்சியிடம் கேட்க வேண்டியிருக்கிறது. நூறாண்டு காலம் இந்த மண்ணில் நாமே உண்டாக்கிய ஒரு கட்டட மரபு, எல்லைக் கொட்டகை, மரம், வெட்டவெளி என்ற மூன்றுறுப்பு மரபு, அது ஒரு மரபு என்ற நினைப்பே இல்லாமல் புல்டோசருக்குப் போகிறது.

கொட்டகை எப்படி மரபாகும் என்று கேட்பவர்கள் மாமல்லபுரத்துக்குப் போய்வர வேண்டும். திரௌபதி ரதம் என்ன? ஓலைக் குடிசை. மூலைகளில் கட்டிய கட்டும், ஓலையின் சரிவும் அப்படியே கல்லில். பீம ரதத்தின் கூண்டுவண்டிக் கூரை மூங்கிலை வளைத்துக் கட்டிய கூரை. விமானத்தின் கபோதகம் கூரைச்சாய்வின் நினைவு; அதில் வரிசையாகத் தெரியும் கூடுகள் மூங்கில் கூரையின் வாய். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்படுகிறான். அவன் காலத்தில் அது புதுப்பொருள், இன்றைய கான்கிரீட்போல. ஆக, ஒரு பொருளின் வடிவை இன்னொரு பொருளில் செய்வதே பொய் என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால் நம் கோயில் மரபு முழுவதும் பொய்யாகும்.

வேறுபாடு அடுத்த 400 ஆண்டுகளில் இருக்கிறது. பல்லவச் சிற்பி கல்லைக் குடிசையாக்கியதோடு நிற்கவில்லை. கல் எவ்வளவு தூரம் தாண்டும், எங்கே முறியும் என்று கற்றான். போதிகையை அதற்காக நீட்டினான், அளவை மாற்றினான். தஞ்சை வரும்போது குடிசையின் நினைவு அலங்காரமாக ஒதுங்கி, கல்லுக்கென்று ஓர் இலக்கணம் பிறந்துவிட்டது. கான்கிரீட்டுக்கு அந்த உழைப்பை நாம் இன்னும் செய்யவில்லை. சென்னையில் 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் திருவாரூர்த் தேரைக் கட்டடமாக நிறுத்தியது. பார்க்கப் பரவசம்தான். ஆனால் தேரின் சாரம் அது நகர்வதில் இருக்கிறது. வடம் பிடிக்கும் ஆயிரம் கைகளில் இருக்கிறது. நின்றுபோன தேர் அடுத்த கட்டடத்துக்கு என்ன கற்றுத் தரும்?

சீனாவில் அந்த உழைப்பைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஐ. எம். பெய் சூஜோ அருங்காட்சியகத்தில் (2006) வளைகூரையை விட்டுவிட்டு, அந்நகரத் தோட்டவீடுகளின் வெள்ளைச் சுவரையும் சாம்பல் விளிம்பையும் சுவரில் விழும் நிழலையும் எடுத்துக்கொண்டார். எனக்கு நெருக்கமானவர் வாங் ஷூ. நிங்போ வரலாற்று அருங்காட்சியகம் (2008) எழுந்த நிலத்தில் அதற்குமுன் கிராமங்கள் இருந்தன; இடித்துத் தள்ளிவிட்டார்கள். இடிபாட்டின் செங்கல்லையும் ஓட்டையும் பொறுக்கி, பல அளவு, பல காலம், பல நிறம் கலந்த சுவராக அடுக்கச் செய்தார். சூறாவளியில் விழுந்த வீட்டின் உடைசலைக் கொண்டே அடுத்த சுவரை எழுப்புவது அந்த வட்டாரத்துக் குடியானவர் வழக்கம். 'வாபான்' என்று அதற்குப் பெயர். அந்தக் கை இன்னும் இருந்தது, அதற்கு வேலை கொடுத்தார். வளைகூரை ஒன்றுகூட இல்லாத அந்தக் கட்டடத்தில் சீன மரபு இருக்கிறதா என்று கேட்பவர்கள், தம் வீட்டு ஓட்டைச் சுவரில் தேடி வந்து தொட்டுப் பார்க்கும் ஊர்க்காரர்களைக் கேட்கட்டும். 2012இல் அவருக்குப் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழருக்கு ஒரு பண்பாட்டு நிலையம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். நான் முதலில் கோபுரத்தை வரையமாட்டேன். புகைக்கூடத்தைப் போய்ப் பார்ப்பேன். உயரமான செங்கல் அறை, மேலே புகை போகும் திறப்பு, உள்ளே வரிசைவரிசையாகக் கழிகள். வெயிலை வெளியே நிறுத்தவும் காற்றை மேலே இழுக்கவும் தெரிந்த கட்டடம் அது. நம் பாட்டிமார் உழைத்த கட்டடமும்கூட. அதன் உயரத்தையும் மேல்திறப்பையும் எடுத்தால் குளிரூட்டி இல்லாத அரங்கு கிடைக்கும். லயத்து வீட்டின் முன்திண்ணை வரிசையை எடுத்தால் நூலகத்துக்கும் வகுப்புக்கும் வழி கிடைக்கும். சாயங்காலப் பேச்சு முழுவதும் அந்தத் திண்ணையில்தான் நடந்தது. கூரையைத் தாழ இறக்குவேன், இந்த ஊர் மழைக்கு நீண்ட தாழ்வாரம் வேண்டும். நீட்டிய தாழ்வாரத்தைத் தாங்க உண்மையிலேயே ஒரு போதிகை தேவைப்படும். இரும்பிலோ செங்கால் மரத்திலோ, சுமக்கிற போதிகை. நடுவில் ஒன்றும் கட்டாத மண்தரை, ஓரத்தில் மரம். வாசலில் ராஜகோபுரம் வேண்டும் என்று கமிட்டி கேட்டால் கட்டித் தருவேன், மண்தரையைத் தொடாமல்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: அளப்பது. 1937 கோடையில் லியாங் சூச்செங்கும் அவர் மனைவி லின் ஹுய்யினும் கோவேறு கழுதையில் ஷான்ஷி மலைக்குள் போய் ஃபோகுவாங் கோயிலைக் கண்டார்கள். சீனாவில் தாங் காலத்து மரக்கட்டடமே மிஞ்சவில்லை என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். வௌவாலும் மூட்டைப்பூச்சியும் அடைந்த உத்திரங்களுக்குமேல் ஏறிப் பல நாள் ஒவ்வொரு டௌகொங்கையும் அளந்து வரைந்தார்கள். உத்திரத்தின் அடியில் மங்கிய மை எழுத்து இருப்பதை லின் ஹுய்யின்தான் முதலில் பார்த்தார். துடைத்துப் படித்தபோது, கொடை கொடுத்தவர் பெயர் வந்தது: நிங் கொங்யூ, ஒரு பெண். அதே பெயர் வாசலில் இருந்த கல்தூணிலும் இருந்தது, ஆண்டோடு. கி.பி. 857. அந்தப் பெயரை வைத்துத்தான் கோயிலின் வயதை உறுதிசெய்தார்கள்.

இடிக்கக் காத்திருக்கும் தோட்டக் கோயில்களுக்குள் போனால் குழல்விளக்கில், மணியில், படிக்கல்லில், தகரத்தைத் தாங்கும் சட்டத்தில் பெயிண்டால் எழுதிய பெயர்கள் இருக்கும். உபயம் என்று தொடங்கி, ஆள் பெயர், லயத்து எண், சில இடத்தில் வருடம். சட்டத்தின் நீளம், தூணின் இடைவெளி, மரத்திலிருந்து சூலத்துக்கு எத்தனை அடி என்று அளக்க ஒரு டேப்பும் இரண்டு பிள்ளைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். அந்தப் பெயர்களையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும், வருடம் இருந்தால் வருடத்தோடு.